தலைக்கட்டும் பதிவேடும்

மதம் நாகரிகத்துக்குப் பயனுள்ள எதையேனும் அளித்திருக்கிறதா என்று கேட்டு 1930-இல் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் ஒரு கட்டுரை எழுதினார். அதில் அவர் ஒப்புக்கொண்ட நன்மைகள் இரண்டே: நாட்காட்டியை வகுக்க உதவியது, எகிப்தியப் பூசாரிகளைக் கிரகணங்களைக் குறித்துவைக்கச் செய்தது. கேலிக்காகச் சொன்னதுதான். ஆனால் இரண்டுமே பதிந்துவைக்கும் வேலைகள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மீமிசல் நினைவுக்கு வருகிறது.

பாக் நீரிணையை ஒட்டிய அவ்வூரில் கல்யாணராமர் கோவிலும் உண்டு, பள்ளிவாசலும் உண்டு. வடமேற்கே போனால் மாணிக்கவாசகரின் ஆவுடையார்கோவில். தெற்கே போனால் 1693-இல் அருளானந்தர் தலை வெட்டப்பட்ட ஓரியூர். இந்தக் கரையில் மதம் என்பது தத்துவமாக மட்டும் வாழவில்லை. கோவிலுக்குத் தலைக்கட்டு வரி, ஜமாஅத்துக்குச் சந்தாவும் திருமணப் பதிவேடும், தேவாலயத்துக்கு ஞானஸ்நானப் பதிவேடு. யார் எந்த வீடு, யாருக்கு யார் உறவு, யார் இறந்தால் யார் தோள் கொடுப்பது என்பதெல்லாம் அந்த ஏடுகளில் இருக்கிறது.

இதன் நன்மையை 2004 டிசம்பரில் கண்டோம். ஆழிப்பேரலை அடித்தபோது பரங்கிப்பேட்டை ஜமாஅத்தினர், மதம் பாராமல் மீனவக் குடும்பங்களுக்கு உணவும் தங்குமிடமும் தந்தார்கள். கருணை எல்லோரிடமும் உண்டு. ஆனால் ஒரு சொல்லில் ஆட்களையும் அடுப்புகளையும் திரட்ட, முன்பே திரண்டிருக்கும் ஓர் அமைப்பு வேண்டும்.

தீமையும் அதே ஏட்டில்தான் இருக்கிறது. 2022 டிசம்பரில், வேங்கைவயல் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டதை விசாரிக்கச் சென்ற புதுக்கோட்டை மாவட்ட ஆட்சியர் கவிதா ராமு, இறையூர் ஐயனார் கோவிலுக்குள் அதுவரை விடப்படாதிருந்த பட்டியல் சாதி மக்களை அழைத்துச் சென்றார். சாமி அவர்களுக்கும் சாமிதான். வாசல்தான் அவர்களுக்கு இல்லாதிருந்தது. என்னுடன் படித்த ஒருத்தியின் மணவாழ்வும் இப்படித்தான் முடிந்தது. ஊர்ப்பெயர் வேண்டாம். உள்ளே ஆண்கள் கூடிப் பேசினார்கள். அவள் தரப்பை அவளுடைய அண்ணன் சொன்னான். அவள் வீட்டில் காத்திருந்தாள்.

இத்தகைய பெண்களுக்காகத்தான், இருபதாண்டுகளுக்கு முன் புதுக்கோட்டையில் தாவூத் ஷரீபா கானம் முன்னின்று பெண்கள் ஜமாஅத்தைத் தொடங்கினார். தீபா தன்ராஜ் 2011-இல் அதைப் பற்றி ஆவணப்படமே எடுத்தார். எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. அப்பெண்கள் மதத்தை விட்டு வெளியேறவில்லை. ஜமாஅத் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தங்கள் வழக்கைத் தாங்களே கேட்கும் ஒரு ஜமாஅத்தை அமைத்துக்கொண்டார்கள். அமைப்பினால் காயப்பட்டவர்களே அமைப்பின் தேவையை நன்கு அறிந்திருந்தார்கள் என்றுதான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

ஆகவே நன்மை, தீமைகளைத் தராசில் இட்டுப் பார்ப்பதில் எனக்கு ஆர்வம் குறைந்துவிட்டது. ஓர் ஊரில் மதத்தின் பதிவேடு ஒன்றே பதிவேடாக இருக்குமானால், பெயரை அடிக்கும் அதிகாரம் கொண்டவன் அங்கே கடவுளுக்கு நிகராகிவிடுகிறான். இரண்டாவதாக ஓர் ஏடு திறக்கும்போது அந்த அதிகாரம் சுருங்குகிறது. எல்லா மதத்தினரின் திருமணத்தையும் அரசிடம் பதிவது கட்டாயம் என்று 2009-இல் தமிழகம் இயற்றிய சட்டம் அத்தகைய ஏடு. பெண்கள் ஜமாஅத்தில் வந்து குவிந்த மனுக்களும் அப்படியே.

தலைக்கட்டில் பெயர் இல்லாதவனும் தண்ணீர் குடிக்கலாம், மணம் செய்யலாம், தன்னவரை அடக்கம் செய்யலாம் என்ற நிலை உறுதியாகட்டும். அதன் பிறகும் ஒருவன் பள்ளிவாசலுக்கோ கோவிலுக்கோ விரும்பிச் சென்று தன் பெயரை எழுதச் சொல்வானென்றால், அந்த மதத்தால் நன்மையே விளையும் என்று நானும் ஒப்புக்கொள்வேன்.