பன்னீர் திராட்சைக்கு ஜலதோஷம்!

தேனியிலிருந்து கம்பம் போகும் பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தால் லேசில் எழுந்துவிடாதீர்கள். சின்னமனூர், உத்தமபாளையம் என்று தாண்டத் தாண்ட இரண்டு பக்கமும் மலை கிட்டே வரும். நெல், வாழை, தென்னை... நடுநடுவே கல்தூண் நட்டு, கம்பி இழுத்த பந்தல்கள். அதுதான் பன்னீர் திராட்சை. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய வி.ஐ.பி.!

சுருளிப்பட்டிப் பக்கம் ஒரு பந்தலுக்குள் குனிந்து நுழைந்தேன். ஆஹா, ஏ.சி. போட்ட மாதிரி ஜிலுஜிலு! வாய்விட்டுச் சொன்னதும் தோட்டக்காரர் முகம் மாறிவிட்டது.

"அந்த ஜிலுஜிலுதான் தம்பி எங்களுக்கு வினை!"

மேற்கு மலைக்கு அந்தப் பக்கம் கேரளா. அங்கே ஆனி, ஆடியில் மழை கொட்டும்போது மிச்சம் மீதி சாரலாக இங்கே எட்டிப் பார்க்கும். ஐப்பசி, கார்த்திகையிலோ மழை நேரடியாகவே வந்து இறங்கிவிடும். நமக்கு அது பஜ்ஜி சாப்பிடத் தோன்றும் க்ளைமேட். திராட்சைக்கு அடிச்சாம்பல் நோய் க்ளைமேட்.

இந்த அடிச்சாம்பல் கிருமி வினோதப் பேர்வழி. ஊரே பூஞ்சை என்றாலும், விஞ்ஞானிகள் அதைப் பாசிக்குத்தான் ஒன்றுவிட்ட சொந்தம் என்கிறார்கள். பொருத்தம்தான். இலையில் ஈரம் சில மணி நேரம் காயாமல் இருந்தால் போதும். அதன் வித்துகள் அந்தத் துளித் தண்ணீரில் நீச்சலடித்துப் போய், இலையின் அடியிலுள்ள மூச்சுத் துளை வழியாக உள்ளே புகுந்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. ஏறக்குறைய ஒரு வாரம் கழித்து இலைமேல் எண்ணெய் பட்டது போல மஞ்சள் திட்டு. திருப்பிப் பார்த்தால் வெள்ளைப் பஞ்சு! பூங்கொத்திலும் பிஞ்சிலும் ஏறிவிட்டால் அந்தக் காய்ப்பு போச்சு.

"மழை விட்டு வெயிலடிச்சா எல்லாரும் சந்தோஷப்படுவாங்க. நான் அன்னிலருந்து நாள் எண்ண ஆரம்பிப்பேன்" என்றார்.

சரி, மழையே இல்லாவிட்டால்? அதற்கு இன்னொரு ஆசாமி ரெடி. பேர் சாம்பல் நோய். இவனுக்குச் சொட்டுத் தண்ணீர் ஆகாது. நல்ல மழை இவன் வித்துகளைக் கெடுத்துவிடும். மேகம் மூடிய, கதகதப்பான, புழுக்கமான நாட்கள்தான் இஷ்டம். விபூதி பூசியது போலப் பிஞ்சின் மேல் படர்வான்; காய் பருக்கும்போது வெடித்துவிடும். ஆக, பெய்தாலும் உதை, பெய்யாவிட்டாலும் உதை. சில ஆபீஸ் மேனேஜர்கள் ஞாபகத்துக்கு வந்தால் நான் பொறுப்பல்ல.

மற்ற பல ஊர்களில் திராட்சைக்கு ஒரு சீசன். இங்கே தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து செய்யும் மாதம் மாறும். அதனால் வருஷம் பூரா பழம். கிருமிக்கும் கொண்டாட்டம்தான். எந்த மாதம் தூறினாலும் யாரோ ஒருவர் பந்தலில் இளந்தளிர் காத்திருக்குமே!

மருந்து? மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை ரொம்பப் பழைய கை. திருடனுக்காகப் பிறந்த மருந்து இது! பிரான்ஸில் போர்டோ பக்கம், ரோட்டோரத் திராட்சையைப் போகிற வருகிறவர்கள் பறிக்காமலிருக்க நீலமாகத் தெளித்து வைத்திருந்தார்கள். 1882-ல் மில்லார்டே என்ற பேராசிரியர் பார்க்கிறார்... அந்தக் கொடிகளில் மட்டும் இலை உதிரவில்லை! ஆராய்ந்து 1885-ல் வெளியிட்டார்.

ஒரு சிக்கல். கிருமி உள்ளே போனபிறகு இது கைகொடுக்காது. மழைக்கு முந்தியே தெளிக்க வேண்டும். தெளித்தது காயவும் வேண்டும். மேகம் ஏமாற்றிவிட்டால் கூலியும் மருந்தும் தண்டம். தெளிக்காமல் மழை வந்தால் பந்தலே தண்டம்.

"போன்ல மாவட்டத்துக்கு மழைன்னு போடுறாங்க. என் தோட்டத்துக்கா, பக்கத்துத் தோட்டத்துக்கான்னு யார்ட்ட கேக்க?"

பேசிக்கொண்டே மேற்கே பார்த்தார். குமுளிப் பக்கம் கருப்பாக ஏதோ திரண்டிருந்தது.

"இருங்க தம்பி, டீ அப்புறம் சாப்பிடலாம்" என்று மயில்துத்தம் ஊறவைத்திருந்த டிரம்மைப் பார்த்து நடந்தார்.