முத்துக்குளித்துறையில் இரண்டு இரவுகள்



பிரயாணக் கட்டுரை என்றவுடன் கடல் கடந்து சென்று வந்த தூர தேசத்தைப் பற்றி எழுதப் போகிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். தென்காசிக்கு அருகே மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் சிற்றூரிலிருந்து மூன்றரை மணி நேரப் பேருந்துப் பயணத்தில் சென்றடைந்த தூத்துக்குடியைப் பற்றியே எழுதுகிறேன். ஆயினும் அவ்வூரின் நடுவே ஒரு சாதாரண விடுதியில் தங்கிய இரண்டு இரவுகளில், நான் கண்ணால் காணாத மேற்கு ஆப்பிரிக்கத் தலைநகர் ஒன்றையும் ஓரளவு அறிந்து வந்தேன். பிள்ளையை அயல்நாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தொலைபேசி மணிக்காகக் காத்திருக்கும் பெற்றோர் நம்மில் ஏராளம். ஆதலால் இது உங்களுக்கும் பயன்படும் என்று நம்புகிறேன்.

நான் சென்ற காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் மதரஸாவில் சிறு வயதில் ஓதிய மாணவர் ஒருவர், பட்டப்படிப்பை முடித்துத் தூத்துக்குடியில் முந்திரிக் கொட்டை இறக்குமதி செய்யும் நிறுவனமொன்றில் பணியில் இருக்கிறார். கினி-பிஸ்ஸாவ் என்னும் நாட்டின் தலைநகரான பிஸ்ஸாவுக்குச் சென்று, கொள்முதல் பருவம் முடியும்வரை அங்கேயே தங்கிவர வேண்டுமென அவருக்கு உத்தரவாகியிருந்தது. கணவரை இழந்த அவருடைய தாயார் கலங்கிப்போய் என்னிடம் வந்தார்.

"துபாய், சவூதின்னா நம்ம ஊர்க்காரங்க நாலு பேரு இருப்பாங்க, ஹஜ்ரத். இந்த ஊருப் பேரையே நான் கேட்டதில்லை. நீங்க சொன்னா அவன் கேப்பான். போக வேண்டாம்னு சொல்லிருங்க" என்றார்.

உண்மையைக் கூறுவதானால், என் எண்ணமும் அதுவாகவே இருந்தது. 'போகாதே' என்று சொல்லுவதற்காகவே பேருந்து ஏறினேன்.

விடுதி

டபிள்யூ.ஜி.சி. சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது விடுதி. மின்தூக்கி இல்லை, மூன்றாம் மாடி. ஒரு கட்டில், ஒரு மேஜை, சத்தமிடும் மின்விசிறி, பாதி வாளியுடன் நின்றுபோன குழாய்த் தண்ணீர். கொடுத்த வாடகைக்கு இதுதானா என்று மனம் சலித்துக்கொண்டது. வரவேற்பு மேஜையில் இருந்த பெரியவரிடம் சற்றுக் கடுமையாகவே பேசிவிட்டேன். அவர் கடற்கரைக் கிறிஸ்தவக் குடும்பத்தவர் என்பது சுவரில் மாட்டியிருந்த பனிமய மாதா படத்திலிருந்து தெரிந்தது. அவர் எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. இரண்டு வாளித் தண்ணீரைத் தம் கையாலேயே மாடிக்குச் சுமந்து வந்தார். வைத்துவிட்டுத் திரும்பியவர், "கிப்லா இந்தப் பக்கம் பாய். முந்தி தங்கினவங்க சொன்னது" என்று சுவரின் ஒரு மூலையைச் சுட்டிக் காட்டினார்.

மறுநாள் விடியுமுன் கதவு தட்டப்பட்டது. "பாய், பள்ளிவாசலுக்கு நேரமாச்சு." நான் எழுப்பச் சொல்லவில்லை. எழுப்புவது அவர் கடமையும் அன்று. முந்தைய இரவு நான் பேசிய பேச்சு அப்போது என் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

கடற்கரை

ஃபஜ்ருத் தொழுகைக்குப்பின் மாணவருடன் கடற்கரைச் சாலையில் நடந்தேன். பழைய துறைமுகத்தில் மரத்தாலான தோணிகள் நின்றுகொண்டிருந்தன. மாலத்தீவுக்குக் காய்கறியும் கட்டடப் பொருள்களும் ஏற்றிச் செல்பவை அவை. இராமேசுவரம் வழியாக இரயில் பாதை அமைந்த 1914ஆம் ஆண்டுக்கு முன்னர், சென்னையிலிருந்து வந்த போட் மெயில் பிரயாணிகள் இங்கேதான் இறங்கிக் கொழும்புக்குக் கப்பல் ஏறினார்கள். வ.உ. சிதம்பரனார் 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவி, ஆங்கிலேயக் கம்பெனியை எதிர்த்ததும் இதே கரையில்தான். அக்கம்பெனிக்கு ஹாஜி முகம்மது பக்கீர் சேட் இரண்டு லட்ச ரூபாய்க்கு 8,000 பங்குகள் எடுத்து உதவியதை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லித் தரவேண்டும். 1974இல் பெருந்துறைமுகமான புதிய துறைமுகம் 2011 முதல் சிதம்பரனார் பெயரையே தாங்கி நிற்கிறது. முந்திரிக் கொட்டை வந்திறங்குவது அங்கேதான்.

தோணிகளுக்கு அருகே எண்பதைக் கடந்த முதியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். இளமையில் முத்துக் குளித்தவர் என்றறிந்து அவரருகே அமர்ந்தோம். கொற்கைப் பாண்டியர் காலந்தொட்டு உலகறிந்த இந்த முத்துக்குளிப்பு, இக்கரையில் கடைசியாக 1961இல் நடைபெற்றது. அதற்குப்பின் பார்களில் சிப்பி போதிய அளவு சேரவில்லை. 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் தூத்துக்குடியில் சிப்பியை வளர்த்து முத்து விளைவித்தார்கள். ஆனால் தோணிகள் கூட்டமாகப் புறப்படும் பழைய முத்துக்குளிப்பு மீண்டும் வரவில்லை.

எட்டுப் பத்துப் பாக ஆழம். காலில் கல்லைக் கட்டி இறங்குவார்கள். மூச்சடக்கி ஒரு நிமிட அளவு அடியில் இருந்து, கைக்கு அகப்பட்ட சிப்பிகளைக் கூடையில் வாரியதும் கயிற்றை அசைப்பார்கள். மேலே தோணியில் இருப்பவர் உடனே இழுத்தாக வேண்டும். அந்தக் கயிற்றை யாரிடம் கொடுப்பது? மைத்துனரிடம் கொடுப்பதே வழக்கம் என்றார் முதியவர். "தங்கச்சி தாலி அவன் கையில இருக்குல்லா? கண்ணசர மாட்டான்" என்று சிரித்தார்.

ஆங்கிலேயர் ஆட்சியில், எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்குச் சேர்ந்தது. அதற்கு முன்னரும் குளித்தவனுக்குக் கிடைத்தது குறைவே. சகோதரர்களே, இவ்விடத்தில் ஒரு கசப்பான செய்தியையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 1530களில் முத்துப் பார்களின் உரிமை குறித்து முஸ்லிம் வணிகர்களுக்கும் பரதவர்களுக்கும் பகை மூண்டது. பரதவர்கள் போர்த்துக்கீசியரின் துணையை நாடினர். அவர்களது சமயத்தையும் ஏற்றனர். முடிவில் முத்து யாருக்குப் போயிற்று? முதலில் போர்த்துக்கீசியருக்கு, 1658 முதல் டச்சுக்காரருக்கு, பின்னர் ஆங்கிலேயருக்கு. ஒரே கடலில் பிழைத்த இரு சாராரும் தங்களுக்குள் மோதி, மூன்றாமவனுக்கு வழிவிட்டார்கள். அந்த இரு சாராரில் ஒருவரின் வழிவந்தவர்தாம் முந்தைய இரவில் எனக்குத் தண்ணீர் சுமந்தார் என்பதை எண்ணியபோது, வரலாற்றுப் புத்தகம் ஒன்றைப் புதிதாக வாசித்தது போலிருந்தது.

பிஸ்ஸாவ் நகர விடுதி

அன்றிரவு விடுதியின் முன்கூடத்தில் மற்றொருவர் அறிமுகமானார். கன்னியாகுமரி மாவட்டத்தவர், முந்திரிக் கொட்டையின் தரம் பார்ப்பவர். எட்டுப் பருவங்களைப் பிஸ்ஸாவில் கழித்தவர். என் மாணவரே அவரை அழைத்து வந்திருந்தார். தம் வாதத்துக்குச் சாட்சி தேடினார் போலும்!

நம் பக்கத்தில் அண்டிப் பருப்பு என்றும் கொல்லாங்கொட்டை என்றும் வழங்கும் முந்திரியின் தாயகம் பிரேசில். அதை நம் மேற்குக் கரைக்கும் ஆப்பிரிக்காவுக்கும் கொண்டு சேர்த்தவர்கள் போர்த்துக்கீசியர்களே. பிஸ்ஸாவ் 1974 வரை அவர்களுடைய ஆதிக்கத்தில் இருந்தது. இன்று அந்நாட்டின் ஏற்றுமதியில் பெரும்பங்கு முந்திரிக் கொட்டைதான். அதை நெடுங்காலமாக அதிகம் வாங்கி வருவது நம் நாடு. அங்கே ஓர் ஏழை விவசாயி பொறுக்கிச் சேர்த்த கொட்டை, தூத்துக்குடியிலும் கொச்சியிலும் இறங்கி, குமரி மாவட்டத்திலும் கொல்லத்திலும் பெண்களின் கையால் உடைபடுகிறது. 80 கிலோ மூட்டையில் எத்தனை இராத்தல் நல்ல பருப்புத் தேறும் என்பதுதான் விலையை முடிவு செய்யும் கணக்கு. ஐம்பது இராத்தல் தேறினால் நல்ல சரக்கு. மூட்டையில் கைவிட்டு மாதிரி எடுத்து, வெட்டிப் பார்த்துத் தரம் சொல்வதே இவருடைய வேலை.

"தங்குமிடம் எப்படி?" என்று கேட்டேன்.

"இதைவிடச் சுமார்தான் சார். ஊருக்கு நடுவிலே, போர்த்துக்கீசியர் காலத்துப் பழைய தெருவிலே ஒரு சின்ன விடுதி. கரண்ட் போனால் ஜெனரேட்டர். அதுவும் நின்றால் மெழுகுவர்த்தி. சோறும் மீனும் கிடைக்கும், நமக்கு அது போதுமே! முதல் வாரம் அழுகையாக வந்தது" என்றார்.

நான் மாணவரைப் பார்த்தேன். 'கேட்டாயா?' என்பது என் பார்வையின் பொருள். ஆனால் அவர் பேச்சை முடிக்கவில்லை.

"இரண்டாவது வருஷம் மலேரியாக் காய்ச்சல். நினைவே இல்லை. விடுதிக் காவலாளி ஒரு முஸ்லிம் கிழவர். அவர் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவருக்குத் தெரியாது. நாலு ராத்திரி என் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். டாக்டரைக் கூட்டிவந்ததும் அவர்தான். பச்சைத் தேயிலையைச் சீனி போட்டுக் காய்ச்சி, சின்னக் கண்ணாடித் தம்ளரில் மூன்று சுற்று ஊற்றித் தருவார்கள் அங்கே. காய்ச்சல் விட்டதும் முதல் தம்ளரை எனக்குக் கொடுத்துவிட்டு, வானத்தைப் பார்த்துக் கையேந்தினார். நான் இந்து, சார். அதை அவர் கேட்கவே இல்லை."

முன்கூடத்தில் சற்று நேரம் யாரும் பேசவில்லை.

மூன்று ரொட்டிகள்

அறைக்குத் திரும்பியும் உறக்கம் வரவில்லை. பல ஆண்டுகளாக மாணவர்களுக்குச் சொல்லிவந்த இப்னு பதூதாவின் வரலாறு நினைவில் எழுந்தது. மொராக்கோவின் தன்ஜா நகரிலிருந்து 1325இல் புறப்பட்ட அந்தப் பிரயாணி, 1340களில் மஅபர் என்றழைக்கப்பட்ட நம் தமிழகக் கரைக்கு வந்தார். மதுரைச் சுல்தானின் கொடுமைகளையும், மதுரையில் பரவிய கொள்ளைநோயையும் கண்டார், தாமும் நோயுற்றார். அதே மனிதர் 1352இல் பாலைவனத்தைக் கடந்து மேற்கு ஆப்பிரிக்காவின் மாலிப் பேரரசுக்குச் சென்றார். இன்றைய கினி-பிஸ்ஸாவின் ஒரு பகுதியை உள்ளடக்கிய காபு, ஆதியில் அப்பேரரசின் ஒரு மாகாணமே.

மாலியின் அரசர் மன்சா சுலைமான் அவருக்கு விருந்துப் பொருள் அனுப்பினார். பட்டாடையும் பொற்காசும் வரும் என்று எதிர்பார்த்தவருக்கு வந்தவை மூன்று ரொட்டிகள், வறுத்த மாட்டிறைச்சித் துண்டு, ஒரு சுரைக்குடுவைத் தயிர். அவர் சிரித்துவிட்டார், அரசரைக் கஞ்சர் என்று குறையும் கூறினார். இருப்பினும் அதே நூலில், அந்நாட்டில் அநீதி அரிது என்றும், பிரயாணி கள்வருக்கு அஞ்சவேண்டியதில்லை என்றும், அங்கே இறந்துபோகும் அந்நியரின் பொருளை எவரும் தொடுவதில்லை என்றும் அவர் பதிவு செய்திருக்கிறார். தொழுகையிலும் குர்ஆனை மனனம் செய்வதிலும் அம்மக்களுக்கிருந்த பற்றையும் பாராட்டினார்.

உஸ்தாதாக நான் இவ்வரலாற்றை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். மூன்று ரொட்டிகளைச் சொல்லும்போது மாணவர்கள் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். பாதி வாளித் தண்ணீருக்காக முகம் சுளித்த என்னை அன்றிரவு நானே கண்டபிறகு, சிரிக்கத் தோன்றவில்லை.

திரும்புகையில்

காலையில் விடுதிப் பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "தண்ணி வராதது உள்ளதுதானே, பாய்" என்று சொல்லிக் கணக்கை முடித்துவிட்டார்.

மாணவரிடம் 'போகாதே' என்று சொல்லவில்லை. 'போ' என்றும் எளிதாகச் சொல்லிவிடவில்லை. கொசுவலையும் மருந்தும் எடுத்துச் செல். காய்ச்சல் என்றால் ஒருநாளும் தாமதிக்காதே. வெள்ளிதோறும் தாயாருடன் பேசு. விடுதிக் காவலாளியின் பெயரை முதல் நாளே கேட்டு அறிந்துகொள். யாரேனும் மூன்று ரொட்டி கொடுத்தால் முகம் சுளிக்காதே என்றேன். அவர் என் கையில் தூத்துக்குடி மக்ரூன் பொட்டலம் ஒன்றைத் திணித்தார். முந்திரிப் பருப்பும் முட்டை வெள்ளையும் சர்க்கரையும் சேர்த்து இவ்வூர் பேக்கரிகளில் சுடுவது.

ஊர் திரும்பி அந்தத் தாயாரிடம் நடந்தது அனைத்தையும் சொன்னேன். முத்துக்குளிப்புக் கயிற்றைப் பற்றியும் சொன்னேன். நெடுநேரம் மௌனமாக இருந்துவிட்டு, "அங்க கயிறு பிடிக்கிறது யாரு, ஹஜ்ரத்?" என்று கேட்டார்.

"அல்லாஹ் ஒருவரை ஏற்படுத்துவான். மறுமுனையை இங்கிருந்து நாம் பிடித்திருப்போம்" என்றேன். அந்தப் பதிலில் அவர் முழு நிம்மதி அடைந்தார் என்று சொல்லமாட்டேன். ஆனால் மகனுக்குக் கொசுவலை எங்கே நல்லதாகக் கிடைக்கும் என்று அடுத்து விசாரித்தார்.

வாசகர்களே, உங்கள் ஊர்க் கடைத்தெருவிலும் ஒரு சிறு விடுதி இருக்கும். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ பிழைக்க வந்த இளைஞர் ஒருவர் அங்கே காய்ச்சலில் படுத்திருக்கக்கூடும். அவருடைய தாயும் எங்கோ ஒரு சிற்றூரில் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருப்பார். அந்தக் கயிறு இப்போது உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது.