ஆணி அடிக்க ஒரு சுவர்

குறைந்த செலவில் வீட்டை அழகாக வைத்துக்கொள்வது எப்படி என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். பழைய சேலையைத் திரைச்சீலையாக்கு, உடைந்த பானையில் செடி வை, ஒரு பக்கச் சுவருக்கு மட்டும் வேறு வண்ணம் அடி என்கிறார்கள். எல்லாம் சரிதான். இதையெல்லாம் எங்க அம்மாவும் அய்யாவும் யாரும் சொல்லிக்கொடுக்காமலே செய்தார்கள். ஆனால் அப்படி எழுதுகிறவர்களுக்கு ஒரு சுவர் இருக்கிறது. அதில் எதை மாட்டினாலும் ஏன் மாட்டினாய் என்று கேட்க ஆளில்லை. எங்க சனத்துக்கு அந்தச் சுவர் எப்படிக் கிடைத்தது, கிடைத்தபிறகு அதை வைத்து என்ன செய்தோம் என்பதையும் யாராவது எழுத வேண்டும்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது எங்க காலனி. ஊர் தனி, காலனி தனி. நடுவில் வாய்க்காலும் வயலும். ஓலைக்குடிசைகளாக இருந்த இடத்தில் தொகுப்பு வீடுகள் வந்தன. ஆதிதிராவிடர்களுக்கு வீடு கட்டித் தருவதற்காகவே 1974-இல் தாட்கோ ஏற்பட்டது. 1985-இல் மத்திய அரசின் இந்திரா குடியிருப்புத் திட்டம் வந்தது. எங்களுடையது அந்தப் பெயரில் வந்த வீடு. ஒரு ரூம், ஒரு அடுப்படி, முன்னால் கொஞ்சம் திண்ணை. எல்லா வீட்டுக்கும் ஒரே கதவு, ஒரே சன்னல், ஒரே நிறம். இருட்டில் வந்தால் பெரியவர்களே வீடு மாறிப் போவார்கள்.

வாசலுக்குப் பக்கத்துச் சுவரில் திட்டத்தின் பெயர், பயனாளியின் பெயர், வருஷம், தொகை எல்லாம் பெயிண்டில் எழுதிவிட்டுப் போனார்கள். துட்டி கேட்க வந்தவன்கூட எங்களுக்கு அரசாங்கம் எவ்வளவு கொடுத்தது என்று வாசித்துவிட்டுத்தான் உள்ளே நுழைவான். அம்மாவுக்கு அது பொறுக்காது. "ஊருக்குள்ள பேங்குல கடன் வாங்கி வீடு கட்டுதான், அவன் சுவத்துல வட்டி எவ்வளவுன்னு எழுதியா வச்சிருக்கான்? நமக்கு மட்டும் எதுக்குட்டி?" என்பாள். இரண்டாவது பொங்கலுக்கு அய்யா அந்த எழுத்தின்மேல் வெள்ளையடித்தார். சாரலில் சுண்ணாம்பு கரைந்து எழுத்து மறுபடியும் தெரிந்தது. அடுத்த பொங்கலுக்கும் அடித்தார். அந்த எழுத்து முழுசாக மறைய ஏழெட்டு வருஷம் ஆனது.

அய்யா வெள்ளையடிக்கிற வேலைக்குப் போனவர். குற்றாலத்தில் ஜூன் முதல் ஆகஸ்டு வரை சீசன். அதற்கு முன்னால், மே மாசத்தில், லாட்ஜுகளிலும் பங்களாக்களிலும் பெயிண்ட் வேலை நடக்கும். பேரருவியில் தண்ணீர் விழுவதற்குள் முடித்தாக வேண்டும். ஐந்தருவிப் பக்கம், பழைய குற்றாலம் பக்கம் என்று ஒரு மாசம் அய்யா வீட்டில் தங்கமாட்டார். வேலை முடிந்ததும் டின்னின் அடியில் மிஞ்சியதைக் கேட்டு வாங்கி வருவார். காப்படி டிஸ்டெம்பர், ஒரு கை எனாமல், அவ்வளவுதான்.

கொண்டுவந்த உடனே அடிக்க முடியாது. வெளியே சாரல் அடித்துக்கொண்டிருக்கும், சுவர் ஈரம் குடித்து நிற்கும். ஈரச் சுவரில் டிஸ்டெம்பரோ எனாமலோ அடித்தால் உள்ளிருக்கிற ஈரம் வெளியேற வழியில்லாமல் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பிப் பொரிந்துவிடும். சுண்ணாம்புதான் ஈரத்தை விட்டுக்கொடுக்கும். அதனால் அய்யா டின்னை இறுக மூடித் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பார். அப்படி வைத்தால் மேலே ஆடை கட்டாது. தை பிறக்கிறதுக்கு முன்னால்தான் டின் திறக்கும்.

வெளிச்சுவருக்கு எப்போதும் சுண்ணாம்புதான். கல்சுண்ணாம்பை முந்தின நாளே தண்ணீரில் நீற்றி, துணியில் வடிகட்டி, பிடிமானத்துக்குக் கொஞ்சம் வச்சிரமோ சோற்றுக் கஞ்சியோ சேர்த்து, துளி நீலம் போட்டு மட்டையால் அடிப்பார். உள்ளே மட்டும் லாட்ஜு வண்ணம். ஒரு சுவருக்குக் காணுகிற அளவு எந்த வண்ணமும் மிஞ்சாது. ஆகவே ஒரு சுவர் ரோஸ், ஒரு சுவர் பச்சை, அடுப்படிப் பக்கம் சந்தன நிறம், சன்னல் கம்பிக்கு ஆகாய நீலம். வருஷத்துக்கு வருஷம் மாறும். வீட்டைப் பார்த்தால் அந்த வருஷம் எங்கே வேலை நடந்தது என்று சொல்லிவிடலாம். சீசனுக்கு வந்து மூன்று நாள் தங்குகிறவன் காசு கொடுத்துப் பார்த்துவிட்டுப் போகிற வண்ணத்தை நாங்கள் வருஷம் முழுக்கப் பார்த்தோம்.

தரை அம்மாவின் பொறுப்பு. பஞ்சாயத்து போட்டுக்கொடுத்த சிமெண்டுத் தளம் நாலு வருஷத்தில் பொரிந்தது. பீடி சுற்றிய காசில் சீட்டுப் போட்டு, சிமெண்டும் சிவப்பு ஆக்சைடும் வாங்கி, கொத்தனாரைக் கூப்பிட்டு மேல்தளம் பூசினாள். காய்ந்தபிறகு ஒரு வாரம் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்தாள். முகம் தெரிகிற மாதிரி சிவந்து கிடந்தது. தென்காசி, பாவூர்சத்திரம், கடையம் வட்டாரத்தில் பெண்கள் குடும்பத்தைக் கரைசேர்த்தது பீடிச் சுளவை மடியில் வைத்துத்தான். அம்மா அந்தத் தரையில் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்துதான் இலை வெட்டுவாள், சுற்றுவாள். அவள் முதுகு பட்டுப் பட்டுப் பச்சைச் சுவரில் ஒரு இடம் வழவழப்பாகிவிட்டது. அய்யா ஒவ்வொரு வருஷமும் அந்த இடத்துக்கு இரண்டு கோட்டு கூடுதலாக அடிப்பார்.

தேன்பொத்தையில் மண்பாண்டம் செய்கிறார்கள். அங்கே வாங்கிய இரண்டு பானை உடைந்தபிறகும் திண்ணையில் செடியோடு நின்றது. சமையலுக்கு மண்பானையை விட்டு அம்மா பித்தளைக்கு மாறியதுதான் அவள் வாழ்நாளில் செய்த பெரிய அலங்காரம். பித்தளைக் குடத்தைப் புளி போட்டு விளக்கி, வாசலில் இருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில்தான் வைப்பாள். தண்ணீர் பிடிப்பது வேறு குடத்தில்.

சின்ன வயசில் இது எனக்குப் பவிசாகத் தெரிந்தது. பிறகுதான் வாசித்துத் தெரிந்துகொண்டேன். 1930 டிசம்பரில் ராமநாதபுரம் சீமையில் ஆதிக்க சாதியார் நம்மவர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். நகை போடக்கூடாது, சட்டை போடக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது என்பதோடு வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் புழங்கக்கூடாது என்பதும் ஒரு தடை. மீறினவர்களின் குடிசைகளைக் கொளுத்தினார்கள். 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாயின. தண்ணீர் எடுக்கப் பெண்கள் பித்தளைக் குடம் கொண்டுபோகக்கூடாது என்பது அதில் வந்தது. ஹட்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரி சாதி பற்றிய தன் புத்தகத்தில் இதைப் பட்டியலாகவே எழுதி வைத்திருக்கிறார். எங்க அம்மா அதை வாசித்தவளில்லை. ஆனால் குடத்தை எங்கே வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அது பழைய கதை என்று சொல்வார்கள். 1995 ஆகஸ்டு 31 அன்று அப்போதைய சிதம்பரனார் மாவட்டத்துக் கொடியன்குளத்தில் போலீஸ் புகுந்து உடைத்தது எதை? டிவியை, மின்விசிறியை, தையல் மெஷினை, சைக்கிளை, பாத்திரம் பண்டங்களை. வெளிநாட்டு உழைப்பில் வாங்கிச் சேர்த்த வீட்டுச் சாமான்களைத் தேடித் தேடி உடைத்தார்கள். மும்பை தாதரில் அண்ணல் அம்பேத்கர் புத்தகங்களுக்காகவே பார்த்துப் பார்த்துக் கட்டிய ராஜகிருகத்தில் 2020 ஜூலை 7 அன்று புகுந்தவர்கள் பூந்தொட்டிகளையும் சன்னல் கண்ணாடிகளையும் உடைத்தார்கள். 1917-இல் பரோடாவில் சமஸ்தான அதிகாரியாகப் போயும் தங்க ஒரு இடம் கிடைக்காமல் பார்சி விடுதியிலிருந்து விரட்டப்பட்ட மனிதர் கட்டிய வீடு அது. நாம் நன்றாக வைத்திருக்கிற வீடு சிலர் கண்ணை உறுத்துகிறது. அதனால்தான் நம்ம வீட்டில் ஒரு பூந்தொட்டிகூட அரசியலாகிவிடுகிறது.

எனக்கு வேலை கிடைத்துத் தென்காசி டவுனில் வாடகைக்கு வீடு தேடினேன். "எந்த ஊரு?" என்பார்கள். சொன்னால், "அங்க எந்தத் தெரு?" என்பார்கள். தெருவைச் சொன்னதும், நேற்றே ஒருத்தர் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார் என்பார்கள். ஐந்தாவதாகப் பார்த்த வீடு கிடைத்தது. வீட்டுக்கார அம்மா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்கள், சுவரில் ஆணி அடிக்கக்கூடாது. நியாயம்தான், அவர்கள் சுவர். மாடியில் குடியிருந்தவர்கள் வீட்டுக்கு ஒருநாள் போனேன். முருகன் படம், கல்யாண போட்டோ, கடிகாரம், காலண்டர் என்று ஒன்பது ஆணி எண்ணினேன்.

நான் ஆணி அடிக்கவில்லை. அம்பேத்கர் படத்தை முன்ரூமில் அலமாரித் தட்டின்மேல் சாய்த்து வைத்தேன். வாடகை வாங்க வந்தவர்கள் பார்த்தார்கள். "இதை உள்ரூம்ல வச்சுக்கிட்டா என்னம்மா? வாரவங்க போறவங்க ஒரு மாதிரி பாக்காங்க" என்றார்கள். "சட்டம் எழுதுனவருக்கா, உள்ரூம்ல படுக்கிற இடத்துல வைக்க மனசில்லை" என்றேன். அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. ஆறு மாசம் கழித்து, மகளுக்கு வீடு வேண்டும் என்று காலி செய்யச் சொன்னார்கள். மகள் வரவில்லை. வேறு ஆள்தான் குடிவந்தது.

குற்றாலத்தில் சித்திர சபை இருக்கிறது. நடராசருக்குச் சொல்லப்படுகிற ஐந்து சபைகளில் ஒன்று. சுவர் முழுக்க ஓவியம். யாருடைய கதை சுவரில் ஏற வேண்டும் என்று தீர்மானித்தவர்கள் எழுதி வைத்த படங்கள். எங்க காலனி வீடுகளுக்குள் போய்ப் பாருங்கள், அங்கேயும் ஒரு சித்திர சபை உண்டு. அம்பேத்கர் இருப்பார். 1957 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்ட இமானுவேல் சேகரன் இருப்பார். பக்கத்து அருந்ததியர் தெருவில் என்றால், நெற்கட்டும்செவல் பூலித்தேவனின் தளபதி ஒண்டிவீரன் இருப்பார். ஒண்டிவீரனின் முகத்தை அந்தக் காலத்தில் யாரும் எழுதி வைக்கவில்லை. இப்போது நம்மவர்கள் மனசில் கண்டு எழுதிய முகம்தான். 2022-இல் அவருக்கு அஞ்சல்தலை வந்தது. அதற்கு வெகுகாலம் முன்பே குடிசைச் சுவர்களில் அவர் ஏறிவிட்டார். வீட்டைத் தன் வீடாக்குவது என்றால் இதுதான். செலவு ஒரு பிரேம், ஒரு ஆணி.

இப்போது மறுபடியும் வீடுகள் வருகின்றன. இந்திரா பெயரில் இருந்த திட்டம் 2016-இல் பிரதமர் பெயருக்கு மாறியது. 2024-இல் தமிழ்நாடு அரசு கலைஞர் கனவு இல்லம் தொடங்கியது. 360 சதுர அடி வீடு, மூன்றரை லட்சம் ரூபாய், 2030-க்குள் எட்டு லட்சம் வீடுகள் என்பது கணக்கு. வரட்டும், நம்ம வரிப்பணம்தான். மேற்கொண்டு ஆகிற செலவுக்குக் கடன் வாங்காமல் முடிக்க முடியாது என்பது கட்டினவர்களுக்குத் தெரியும். கடன் வாங்கித்தான் கட்டுகிறோம் என்றால், அது நமக்குத் தோதான வீடாக இருக்க வேண்டாமா?

கட்டுகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கான்கிரீட் போடுகிற அன்றைக்குப் பக்கத்திலேயே நில்லுங்கள். விசிறிக்கு ஒரு கொக்கி வைப்பார்கள். தொட்டிலுக்கு இன்னொரு கொக்கி வைக்கச் சொல்லுங்கள், ஒரு முழக் கம்பிதான் ஆகும், அப்புறம் நினைத்தாலும் வைக்க முடியாது. சன்னல் திட்டை ஒரு முழம் அகலமாகப் போடச் சொல்லுங்கள், பிள்ளைகள் புத்தகம் வைக்கலாம். முதல் இரண்டு சாரலுக்குச் சுண்ணாம்பே போதும், சுவர் நன்றாகக் காய்ந்தபிறகு வண்ணம் பாருங்கள். பீடி சுற்றுகிற பொம்பளை சாய்கிற சுவருக்கு வெளிச்சம் வருகிற மாதிரி சன்னல் வைக்கச் சொல்லுங்கள், கண்ணாவது மிஞ்சும்.

வாசல் சுவரில் திட்டத்தின் பெயரை எழுத வருவார்கள். எழுதட்டும். அதற்கு மேலே, அதைவிடப் பெரிய எழுத்தில், அந்த வீட்டுப் பெண்ணின் பெயரை நீங்கள் எழுதுங்கள். கால் டின் எனாமல் மிஞ்சும், காணும்.