மூன்று கொட்டேஷனும் ஒரு கல்லும்!

ஆபீஸில் பர்ச்சேஸ் ஃபைல் பார்க்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதை வாங்கினாலும் மூன்று கொட்டேஷன். மூன்றில் எது குறைச்சலோ அதற்கு நேரே ஒரு டிக். பென்சிலிலிருந்து பீரோ வரை பதினெட்டு வருஷமாக இந்தத் திருப்பணியைச் செய்து வருகிறேன். வீட்டுக்குக் கத்தரிக்காய்கூட மூன்று கடை ஏறி இறங்காமல் வாங்கியதில்லை. (என் கல்யாணமும் மூன்றாவது ஜாதகத்தில்தான் முடிந்தது. அதற்கு மேல் கேட்காதீர்கள்!)

இந்தப் பெருமை மாரண்டஹள்ளி வரைக்கும் பரவியிருந்தது. அதுதான் வினை.

மாரண்டஹள்ளி தர்மபுரி ஜில்லாவில், பாலக்கோடு தாண்டி ராயக்கோட்டை, ஓசூர் போகிற ரோட்டில் இருக்கிறது. என் மாமியார் வீடு. அந்தப் பக்கமெல்லாம் தக்காளி ராஜ்ஜியம். மச்சினனும் தக்காளிதான் போடுகிறான். அடுத்தவன் வண்டிக்கு வாடகை கொடுத்து மாளாமல், செகண்ட் ஹாண்டில் ஒரு பிக்கப் வாங்கினான். வண்டியில் எல்லாம் இருந்தது, மட் ஃப்ளாப் தவிர. சக்கரத்துக்குப் பின்னால் யானைக் காது மாதிரி தொங்குமே, அந்த ரப்பர்.

"மாமா, இதெல்லாம் விசாரிச்சு வாங்கறதுல நீங்கதான் கில்லாடி" என்றான்.

விடுவேனா? தர்மபுரியில் மூன்று கடை. முதல் கடையில் ஜோடி தொள்ளாயிரம். இரண்டாவதில் நானூற்றைம்பது. மூன்றாவதில் நூற்றெண்பது! பளபளவென்று, சிங்கம் படம் போட்டு, தூக்கினால் தபால் கார்டு மாதிரி லேசாக இருந்தது. போட்டேன் டிக். எழுநூற்றிருபது ரூபாய் மிச்சம் பிடித்ததை மனைவியிடம் மட்டும் நாலு தடவை சொன்னேன்.

சிங்கம் ஒரு கோடை தாங்கவில்லை. சித்திரை வெயிலில் விறைத்து அப்பளமாகி, போல்ட் போட்ட ஓட்டையிலிருந்து விரிசல் விட்டது. ஒருநாள் மண்டியில் ரிவர்ஸ் எடுக்கும்போது இடது பக்கத்துச் சிங்கம் சக்கரத்துக்கு அடியில் சிக்கி, பிடரியோடு பிய்ந்து போய்விட்டது.

"என்ன மாமா பண்ணலாம்?"

"அடுத்த மாசம் பார்த்துக்கலாம்டா. அது இல்லாம வண்டி ஓடாதா என்ன?"

ஓடியது சார். நன்றாகவே ஓடியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. எல்லோருமாகப் பஞ்சப்பள்ளி அணைக்குக் கிளம்பினோம். சின்னாற்றில் கட்டிய அணை, மாரண்டஹள்ளிக்குப் பக்கம்தான். மச்சினன் பிக்கப்பை ஓட்ட, என் மனைவி புளியோதரைத் தூக்கோடு பக்கத்தில். பின்னால் அப்பா காலத்து டி.வி.எஸ். 50-ல் நான். முன்னால் நின்றுகொண்டு என் மகள். இரண்டாம் வகுப்பு. "மாமாவை ஓவர்டேக் பண்ணுப்பா" என்று நச்சரிப்பு வேறு.

வழியில் ஓர் இடத்தில் ரோடு போட ஜல்லி கொட்டியிருந்தார்கள். பிக்கப் அதன்மேல் ஏறி இறங்கியது. 'டப்'பென்று ஒரு சத்தம். பல்ப் வெடித்த மாதிரி.

வண்டியை நிறுத்திப் பார்த்தேன். ஹெட்லைட் கண்ணாடி சுக்கல். உள்ளே எலுமிச்சங்காய் அளவில் ஒரு ஜல்லி. ஹெட்லைட்டிலிருந்து மகளின் முகத்துக்கு என் கையால் அளந்து பார்த்தேன். இரண்டு சாண்.

என் தலையில் ஹெல்மெட் இருந்தது. அவள் தலையில் ரிப்பன் இருந்தது.

"அப்பா, லைட்டு உடைஞ்சு போச்சு. அம்மா திட்டுவாங்களா?" என்றாள். பதில் சொல்லக் குரல் வரவில்லை. அன்றைக்கு அணையில் எவ்வளவு தண்ணீர் இருந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

ராத்திரி தூக்கம் வரவில்லை. எப்போதோ படித்த பி.எஸ்ஸி. பிசிக்ஸ் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது. வண்டி நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போனால் டயரின் விளிம்பும் அதே வேகத்தில்தான் சுற்றும். அதில் ஒட்டிக்கொண்ட கல் விடுபட்டால் அந்த வேகத்தோடுதான் கிளம்பும். வண்டி எண்பதில் போனால் கல்லும் எண்பது. குறுக்கே நிற்க வேண்டியது அந்த ஒரு ரப்பர் துண்டு. அதைத்தான் நான் நூற்றெண்பது ரூபாய்க்கு முடித்திருந்தேன்!

மறுநாள் ஆபீஸுக்கு லீவு. தர்மபுரியில் பழைய டயர் வியாபாரம் பண்ணும் பாய் ஒருவரிடம் போய் நின்றேன். இந்த முறை கொட்டேஷன் கேட்கவில்லை, பாடம் கேட்டேன்.

பாய் என் சிங்கத்தின் மிச்சத்தை வாங்கி மடித்தார். பட்டென்று இரண்டாயிற்று. "இது ரப்பரே இல்ல தம்பி, பிளாஸ்டிக்கு. இதை வளைய வைக்கறதுக்கு ஒரு எண்ணெய் சேர்ப்பாங்க. வெயில்ல அது வெளியேறிடும். அப்புறம் அப்பளம்தான்."

பிறகு ஒரு கறுப்புப் பட்டையை எடுத்துப் போட்டார். தொழிற்சாலைகளில் மூட்டை நகர்த்துகிற கன்வேயர் பெல்ட்டில் வெட்டியது. ஓரத்தைப் பார்த்தால் லேயர் லேயராக ரப்பருக்கு நடுவில் துணி. "துணி இருந்தா விரிசல் ஓடாது. கறுப்பா இருக்கே, அது அழுக்கில்ல, கரித்தூள். வெயிலைத் தாங்கறதே அதுதான்" என்றார். நன்றாக மடித்து விட்டார். மடிப்பில் ஒரு கீறல் இல்லை. "இதான் தம்பி பரீட்சை. கடைக்காரன் மடிக்க விடலைன்னா வாங்காதே."

எடையைக் கையில் பார்க்கச் சொன்னார். லேசான ஃப்ளாப், வண்டி வேகமெடுத்தால் கொடி மாதிரி பின்னால் பறக்கும். பறக்கிற ஃப்ளாப் கல்லை எப்படித் தடுக்கும்? கனம் இருந்தால்தான் தொங்கும். அதற்காகப் பலகை மாதிரி விறைப்பாகவும் இருக்கக் கூடாது. எதிலாவது இடித்தால் மட்கார்டையே பெயர்த்துவிடும்.

ஓட்டையைக் கத்தியால் குத்தாமல் பஞ்ச் வைத்து வட்டமாகப் போட்டார். கத்தி போன மூலையிலிருந்துதான் கிழிசல் ஆரம்பிக்குமாம். வெறும் போல்ட் இல்லாமல், அகலமாக ஓர் இரும்புப் பட்டை வைத்து முடுக்கினார். இழுவை ஒரே ஓட்டையில் விழாமல் பட்டை முழுக்கப் பரவும்.

கடைசியாக உயரம். மச்சினன் காலி வண்டியை நிறுத்தி அளவெடுக்கப் போனான். பாய் சிரித்தார். "தக்காளி ஏத்தினா வண்டி உட்காருமா உட்காராதா? லோடோட கொண்டா." லோடோடு தரையிலிருந்து ஒரு சாண் விட்டார். அதற்கும் கீழே இறங்கினால் ரிவர்ஸில் சக்கரம் மிதிக்கும். மேலே ஏறினால் கல் தப்பிக்கும். டயருக்கும் ஃப்ளாப்புக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி.

ஜோடி ஆயிரத்து நூறு. பேரம் பேசாமல் கொடுத்தேன். என் சரித்திரத்தில் முதல் தடவை!

கிளம்பும்போது மச்சினன் ஆசைப்பட்டான். "பாய், இதுல ஒரு புலி படம் வரைஞ்சு தரீங்களா?"

"எதுக்குப்பா? நீ முன்னால உட்கார்ந்து ஓட்டறே. இது உனக்குத் தெரியப் போறதே இல்ல. இது பின்னால வர்றவனுக்கு."

அந்த ஒரு வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது. வண்டியில் ஹார்ன், சீட் கவர், பாட்டுப் பெட்டி எல்லாம் நமக்காக வாங்குகிறோம். மட் ஃப்ளாப் ஒன்றுதான் முன்பின் தெரியாத ஒருவருக்காக வாங்குவது. அதில் போய் நான் மிச்சம் பிடித்தேன். அந்த முன்பின் தெரியாதவராக என் மகளே வந்து நின்றாள்.

இது நடந்து நாலு வருஷம் ஆகிறது. பெல்ட் அப்படியே தொங்குகிறது. மழைக்காலத்தில் முழுக்கச் செம்மண் அப்பிக்கொண்டு பார்க்கச் சகிக்காது. மச்சினன் திட்டிக்கொண்டே கழுவுவான். அவ்வளவு சேற்றைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு மட்டும் கொஞ்சம் சந்தோஷமாக இருக்கும்.

கத்தரிக்காய்க்கு மட்டும் இன்னும் மூன்று கடைதான். அதை விட முடியுமா சார்?