மாண்டஸ் வந்த ராத்திரி

எங்க அப்பா மீனவர். 2022 டிசம்பர் 6 அன்று, "புயல் வருது, கடலுக்குப் போகாதீங்க" என்று வானிலை ஆய்வு மையம் எச்சரித்ததாக ரேடியோவில் சொன்னாங்க. "போனாத்தானே சோறு?" என்றார் அப்பா.

தாத்தாதான், "நாங்க காத்தைப் பார்த்துச் சொன்னோம். இவங்க செயற்கைக்கோள்ல பார்க்குறாங்க. நம்ம கண்ணுக்கு எட்டாத தூரம்டா அது" என்றார்.

எல்லோரும் சேர்ந்து படகை மேட்டுக்கு இழுத்தோம். வலையைக் கரையிலேயே விட்டுட்டோம்.

9ஆம் தேதி ராத்திரி மாண்டஸ் புயல் எங்க மாமல்லபுரம் பக்கத்திலேயே கரையைக் கடந்தது. காற்று மணிக்குச் சுமார் 70 கி.மீ. வேகம்! விடிஞ்சு பார்த்தா படகு இருந்தது. வலை இல்லை.

இப்போ தினமும் கடல் முன்னறிவிப்பை அப்பாவுக்கு நான்தான் படிச்சுக் காட்டுறேன். நண்பர்களே, நீங்களும் உங்க வீட்டில் படிச்சுக் காட்டுங்க.