பெயர் இல்லாத மலைச் சைக்கிள்கள்

அமெரிக்காவில் ஒரு பழைய மலைச் சைக்கிள் விற்பனைக்கு வந்தால், வாங்க வருகிறவர்கள் பலரும் முதலில் பார்ப்பது ஃபிரேமில் ஒட்டியிருக்கும் பெயரைத்தான். பெரிய பெயர் என்றால் பெரிய விலை. கேள்விப்படாத பெயர் என்றால் கியரையும் பிரேக்கையும் கழற்றிக்கொண்டு, ஃபிரேமைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவதும் உண்டு. கயிற்றைப் பார்த்து மாட்டுக்கு விலை பேசுவது மாதிரி இது. இப்படித்தான் பல நல்ல வண்டிகள் காணாமல் போகின்றன.

மலைச் சைக்கிளின் ஊர் கலிஃபோர்னியாவில் உள்ள மரின் கவுன்ட்டி. 1970-களில் அங்கிருந்த இளைஞர்கள் சிலர், பழைய ஷ்வின் சைக்கிள்களைத் தேடிப் பிடித்து மலைப்பாதையில் இறக்கி ஓட்டினார்கள். 1933-ல் ஷ்வின் கம்பெனி கொண்டுவந்த தடித்த 26 இஞ்ச் பலூன் டயர்தான் அவர்களை ஈர்த்தது. இன்று நம் ஊர்க் கடையில் தொங்கும் 26 இஞ்ச் தடி டயரும் அந்த வம்சம்தான்.

அந்த வண்டிகளில் பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக். 1976-ல் ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்குப் பக்கத்தில் ஒரு செங்குத்தான மண்பாதையில் பந்தயம் தொடங்கினார்கள். கீழே வந்து சேர்வதற்குள் பின்சக்கர ஹப் கொதித்து, உள்ளே இருந்த கிரீஸ் புகையாகப் போய்விடும். ஒவ்வொரு முறையும் ஹப்பைப் பிரித்து, புது கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பந்தயத்துக்கே 'ரீபேக்', அதாவது 'மறுபடி அடை' என்று பெயர் வந்துவிட்டது. பட்டறை வேலை தெரிந்தவர்கள் வைத்த பெயர் என்பது கேட்டாலே தெரிகிறது.

அதன்பின் நடந்தது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. ஜோ பிரீஸ் மலைக்கென்றே ஃபிரேம் செய்தார். டாம் ரிச்சி செய்த ஃபிரேம்களை வைத்து கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் 1979-ல் கடை போட்டார்கள். எல்லாம் கைவேலை; சாதாரண ஆளுக்கு எட்டாத விலை. 1981-ல் ஸ்பெஷலைஸ்டு கம்பெனி 'ஸ்டம்ப்ஜம்ப்பர்' என்ற வண்டியை ஜப்பானில் செய்வித்து இறக்கியது. இன்று அதற்கு மியூசியத்தில் இடம்.

ஆனால் அது தனியாக வரவில்லை. ஏறக்குறைய அதே காலத்தில் 'யூனிவேகா' என்ற பெயரிலும் ஒரு மலைச் சைக்கிள் கடைக்கு வந்தது. செய்து கொடுத்தது ஜப்பானின் மியாட்டா. 19-ம் நூற்றாண்டில் துப்பாக்கி செய்த பட்டறை அது. குழல் வேலையில் கை தேர்ந்தவர்கள் சைக்கிளுக்கு மாறினார்கள். ஃபிரேமுக்கு வேண்டிய இரும்புக் குழாயையும் தாங்களே இழுத்தார்கள். இணைப்பு வரும் இரண்டு முனையிலும் கனம், நடுவில் மெலிவு. பாரம் குறையும், பலம் குறையாது. பெயின்ட் உரிந்த ஒரு யூனிவேகாவை மட்டமான வண்டி என்று ஒதுக்குகிறவர், இந்தக் குழாய் வேலையைச் சேர்த்தேதான் ஒதுக்குகிறார். டயருக்குப் பெயர்போன பிரிஜ்ஸ்டோனும் அமெரிக்காவில் அருமையான மலைச் சைக்கிள்கள் விற்றது. 1985-க்குப் பிறகு ஜப்பானின் யென் மதிப்பு ஏறியது. ஜப்பான் வண்டிகளின் விலையும் ஏற, வேலை தைவானுக்குப் போனது. பிரிஜ்ஸ்டோன் 1994-ல் அமெரிக்க சைக்கிள் வியாபாரத்தையே மூடிவிட்டது.

இந்த வண்டிகளின் அருமை ஓட்டும்போதுதான் தெரியும். சக்கரங்களுக்கு இடையே நல்ல நீளம். பள்ளத்தில் இறங்கினாலும் தூக்கிப் போடாது. கேரியர், மட்கார்டு மாட்ட ஃபிரேமிலேயே துளைகள். கட்டைவிரலால் தள்ளும் கியர் லிவரில் 'கிளிக்' கிடையாது. எந்தக் கம்பெனி கியரோடும் ஒத்துப்போகும். ஃபிரேம் விரிசல் விட்டால், இரும்பு என்பதால் தேர்ந்த வெல்டர் பற்றவைத்துவிடலாம்.

எல்லாமே அருமை என்று சொல்லவும் முடியாது. 1980-களின் பிற்பாதியில், பின் பிரேக்கை பெடலுக்குப் பின்னால் அடிக்குழாயின் கீழே கொண்டுபோய் வைத்தார்கள். சேறு முழுக்க அங்கேதான் அடைக்கும். கழுவவும் கை நுழையாது. சேற்றில் ஓட்டவென்று செய்த வண்டிக்கு இப்படி ஓர் இடத்தை யார் தேர்ந்தெடுத்தார்களோ! சில வருஷங்களிலேயே கைவிட்டுவிட்டார்கள்.

விஷயம் தெரிந்தவர்கள் பழைய வண்டியை வாங்கும்போது பெயரைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள். முதலில் வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடல் அச்சு உள்ள கூட்டில் துரு அரித்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். அடுத்து, ஹேண்டில்பாருக்குக் கீழே, குழாய் சேரும் இடத்தில் பெயின்ட் வெடித்திருக்கிறதா என்று விரலால் தடவுவார்கள். வெடித்திருந்தால், எப்போதோ எதிலோ மோதிய வண்டி. கடைசியாக சீட்டைப் பிடித்துத் திருகுவார்கள். அலுமினியக் கம்பி இரும்புக் குழாய்க்குள் வருஷக்கணக்கில் கிரீஸ் இல்லாமல் கிடந்தால் இறுகிவிடும். திருகும்போது அசைந்து கொடுத்தால், அதற்குப் பிறகுதான் விலை பேசுவார்கள்.