வெள்ளியங்கிரி ஏற ஜிம் எதுக்குங்க?

"வெள்ளியங்கிரி போகோணும், ஜிம்ல சேரட்டுங்களாண்ணா?"ன்னு தெரிஞ்ச தம்பி ஒருத்தர் கேட்டார். பிப்ரவரியில பாதை திறக்கிறதுக்குள்ள தயாராகணுமாம்.

வெள்ளியங்கிரியோட ஏழு மலைக்கு நெஞ்சு அகலம் வேண்டாம். தொடையும் மூச்சும்தான் வேணும். பயிற்சிக்கு என் கட்சி மருதமலைக் கோயில் படிக்கட்டு. பேச்சு திணறாத வேகத்துல ஏறுங்க. வாரம் போகப் போக முதுகுப்பையில தண்ணி பாட்டிலைக் கூட்டுங்க.

இறங்கவும் பழகுங்க. இறங்கும்போது தொடைத்தசை நீண்டுக்கிட்டே எடையைத் தாங்குது. மறுநாள் கால் பிடிச்சுக்கிறது அதனாலதான். மலை அடிவாரத்துப் பூண்டியில மூங்கில் தடி வாங்குறதும் முழங்காலுக்காகத்தான்.

40 தாண்டினவங்க, சர்க்கரை, பிரஷர் இருக்கிறவங்க முதல்ல டாக்டரைப் பாருங்க. மலையேறுறப்ப மாரடைப்புல இறந்தவங்க செய்தியை நாம நிறையவே படிச்சாச்சு. மூச்சு முட்டுனா மூணாவது மலையிலயே திரும்பிடுங்க. அடுத்த வருசம் போய்க்கலாம்.